ஆறு படி ஞானம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அரங்கின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை வரை போய்விட்டது. தள்ளுவண்டியில் குழந்தை, தோளில் தூங்கும் குழந்தை, தூங்காமல் கத்தும் குழந்தை. பெற்றோர்களுக்கு ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் செல்போன். இரண்டில் எதை அதிகப் பத்திரமாகப் பிடித்திருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும்.

இத்தனை கூட்டமும் ஒளிஞானியைப் பார்க்க! போன வருஷம் இதே அரங்கில் முதுகுவலி தீர்க்கும் மெத்தை விற்றாரே, அவரேதான். படுத்தவர்களின் முதுகு முன்னைவிட மோசமானதும் ஆள் கொஞ்ச நாள் காணாமல் போனார். திரும்பி வந்தபோது வெள்ளை உடுப்பு, கனிந்த குரல், பிஞ்சு மூளையைப் பற்றிய பேரறிவு. மெத்தைக்காரருக்கு மூளை எப்போது புரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெத்தை வாங்கி ஏமாந்தவர்களே முன்வரிசைக்கு அடித்துப்பிடித்து ஓடினார்கள்.

அவருடைய சித்தாந்தம் ரொம்ப எளிது. செல்போன் திரையிலிருந்து கெட்ட ஒளி, ஞான ஒளி என்று இரண்டு வருகிறதாம். போனின் முதுகில் அவர் தரும் செம்புத் தகட்டை ஒட்டினால் கெட்டது வடிகட்டப்பட்டு ஞானம் மட்டும் குழந்தையின் கண்ணுக்குள் இறங்குமாம். பிறகு அவர் தேர்ந்தெடுத்துத் தரும் நீல முயல் கார்ட்டூனை நாளுக்கு ஆறு மணி நேரம் காட்ட வேண்டும். ஒரே படம்தான், பன்னிரண்டு நிமிஷம். அதையே திரும்பத் திரும்ப.

“ஆறு மணி நேரத்துக்குக் குறைஞ்சா ஞானம் அரைவேக்காடு ஆயிடும்மா,” என்பார் ஒளிஞானி. “ஐயோ, புள்ள ரொம்ப நேரம் போன் பாக்குதேன்னு மனசு உறுத்துதா? அந்த உறுத்தல எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க.”

கொடுத்தார்கள். உறுத்தலோடு சேர்த்து கட்டணத்தையும் கொடுத்தார்கள். சாமர்த்தியம் அங்கேதான் இருந்தது. ‘போனைக் குறை, பிள்ளையோடு உட்கார்’ என்று சொன்ன டாக்டரிடம் ஈ, காக்கை இல்லை. ‘போனைக் கூட்டு, நீ உன் வேலையைப் பார்’ என்றவருக்கு ஒலிபெருக்கி வைத்த அரங்கு!

படத்தோடு ஒரு கேள்வி அட்டையும் தருவார். அதில் ஆறு படிகள், படிக்கு ஒரு கேள்வி; பதில்களை முயல் படத்திலேயே சொல்லிவிடும். வெளிச்சம் தருவது எது? சூரியன். வாரத்துக்கு எத்தனை நாள்? ஏழு. உப்புத் தண்ணீர் எங்கே? கடல். தும்பிக்கை யாருக்கு? யானை. மூன்றும் இரண்டும் சேர்ந்தால்? அஞ்சு. தேன் சேர்ப்பது யார்? தேனீ. மூன்று வயதுப் பிள்ளைகள் மேடையில் நின்று டக்டக்கென்று சொல்லும்போது கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

ஒரே ஒரு கட்டளை உண்டு. கேள்விகளை வரிசையாகத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை பணி ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் சும்மா இருக்காமல் நாலாவது கேள்வியை முதலில் கேட்டுத் தொலைத்தார். “தும்பிக்கை யாருக்கு?” “சூரியன்!” என்றது குழந்தை. ஒளிஞானி துடித்துப்போனார். “படி தாண்டிட்டீங்களே! மூளை வழுக்கிடுச்சு பாருங்க!” கூட்டம் கணக்குப்பிள்ளையை மேடையேற்றி, அந்தக் குழந்தையின் மூளையிடம் மன்னிப்புக் கேட்க வைத்துத்தான் ஓய்ந்தது. அதன் பிறகு யாரும் படி தாண்டவில்லை. யோசித்துப் பார்க்கவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரி இருந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டு, கொண்டுவந்து கொட்டும் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுப்பவள். கணவன் தூரத்தில் லாரி ஓட்டுகிறான். மூன்றரை வயதில் ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வைத்த செல்லப்பெயர் வாயாடி. பல்லி எங்கே போகுது, நூல் ஏன் வளையுது, ஊசிக்கு ஏன் ஒரே கண்ணு என்று காலையில் ஆரம்பித்தால் அடைக்கவே அடைக்காத வாய். மடியில் வந்து விழும் பிள்ளையையும் பார்த்து, ஓடும் ஊசியையும் பார்த்து, அந்தத் தாய் படாத பாடு பட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகடு வந்தது. நீல முயல் வந்தது. வீடு அமைதியானது. சீருடைகள் மளமளவென்று முடிந்தன. மூன்றே மாதத்தில் வாயாடி வாயை மூடிக்கொண்டாள்.

தையல்காரியின் தங்கை செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். ஒரு மதியம் அக்காவைப் பார்க்க வந்தாள். சித்தி என்றால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை, திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பேட்டரி தீர்ந்து படம் நின்றதும் எழுந்தவள், மெஷினின் மிதிகட்டையில் இடறி விழுந்தாள். முட்டியில் ரத்தம்.

தங்கை வாரி எடுத்தாள். “எங்கடி தங்கம் வலிக்குது?”

கண்ணில் நீர் தளும்ப, குழந்தை சொன்னது: “சூரியன்.”

“என்னடி சொல்ற? சித்தி மருந்து போடட்டுமா?”

“ஏழு.”

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா! அழும்போதுகூட படிப்பு மறக்கல!”

“அக்கா, வலிக்குதுன்னு சொல்லத் தெரியலக்கா இவளுக்கு.”

“உனக்குப் பொறாம. வர்ற ஞாயித்துக்கெழம இவளுக்கு மேடையில பட்டம் குடுக்குறாங்க. வந்து கண்ணால பாரு.”

தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாக்குவாதம் செய்யவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கேள்வி அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாயாடிக்குச் சின்னதாக ஒரு கறுப்பு அங்கி, தலையில் அட்டைத் தொப்பி. அங்கியை அம்மாவே தைத்திருந்தாள். ஒளிஞானி ஒலிவாங்கியில் கனிந்தார்.

“இந்தக் குழந்தைகிட்ட யார் வேணா வந்து கேக்கலாம்!”

ரிப்பேர்க்காரி எழுந்தாள். “நான் கேக்குறேங்க.”

“வாம்மா தங்கச்சி, வா. அட்டை இருக்கா?”

“இருக்குங்க. ஒரு சந்தேகம். படி தாண்டினாத்தானே மூளை வழுக்கும்? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒழுங்கா போனா வழுக்காதுல்ல?”

“வழுக்கவே வழுக்காது!”

“எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லிடுங்க.”

“படி தாண்டாம கேட்டா ஞானம் தப்பவே தப்பாது! இது என் சத்தியம்!” கைதட்டல்.

ரிப்பேர்க்காரி மேடையேறிக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். அட்டையை மடித்து இடுப்பில் செருகினாள். “ஆறு கேள்வி. ஒண்ணாவதுலேருந்து ஆரம்பிக்கிறேன். தங்கம், உன் பேரு என்ன?”

“சூரியன்!”

யாரோ சிரித்தார்கள். ஒளிஞானியின் புன்னகை கொஞ்சம் கோணியது. “அது அட்டையில இல்லாத…”

“படி தாண்டலங்களே. ரெண்டாவது. சட்ட யாரு தெச்சா?”

“ஏழு!”

“மூணாவது. பசிக்குதாடி?”

“கடல்!”

இப்போது அரங்கே விழுந்து விழுந்து சிரித்தது. ரிப்பேர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அக்காவைக் காட்டினாள்.

“நாலாவது. அது யாரு?”

குழந்தை பெற்ற தாயை நேருக்கு நேர் பார்த்தது. கணீரென்ற குரலில் சொன்னது: “யானை!”

சிரிப்பு சட்டென்று நின்றது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அஞ்சாவது கேள்வியையும் ஆறாவதையும் தங்கை கேட்கவில்லை. கேட்க அவளுக்குக் குரல் வரவில்லை.

ஒளிஞானிக்கு வந்தது. “தகடு சரியா ஒட்டியிருக்க மாட்டாங்க! ஒளி கசிஞ்சிருக்கு!”

“தகடா?” ரிப்பேர்க்காரி தன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். “போனுக்குள்ள சூடு பரவ நாங்க ஒட்டுற செம்பு டேப்புங்க இது. என் கடையில சுருள் சுருளா கெடக்கு. இதுல ஞானம் வரும்னா, எங்க கடை நாற்காலிகூட இந்நேரம் கவிதை எழுதியிருக்கணும்! அவரயும் நம்பாதீங்க, என்னயும் நம்பாதீங்க. உங்க புள்ள உங்க மடியிலதான இருக்கு? பேரக் கேளுங்க.”

பெற்றோர்கள் மடியில் இருந்த பிள்ளைகளைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஏதோ ஒரு மூலையில் ஓர் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சூரியன்!”

இன்னொரு மூலையில், “சூரியன்!” மாடி வரிசையில், “சூரியன்!” முந்நூறு சூரியன்கள் ஒரே நேரத்தில் அந்த அரங்கில் உதித்தன. அந்த வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு முதல்முறையாகக் கண் தெரிந்தது. ஒளிஞானிக்கோ பின்கதவு தெரிந்தது. ஓடிய வேகத்தைப் பார்த்தால் அவர் தம்முடைய மெத்தையில் ஒரு நாளும் படுத்ததில்லை என்பது உறுதி. தெருமுனையில் மடக்கிப் பிடித்தவர் அந்தக் கணக்குப்பிள்ளை. “நீங்க எத்தன படி தாண்டி ஓடினீங்கன்னு எண்ணிட்டேதான் வந்தேன்,” என்றார். மிச்சத்தைப் போலீஸ் எண்ணிக்கொண்டது.

கூட்டம் கலையும்போதும் ஒரு பெண்மணி ரிப்பேர்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அப்போ எந்த கார்ட்டூனம்மா நல்லது? நீயே ஒண்ணு சொல்லிடேன். அதையே ஆறு மணி நேரம் போட்டுடறேன்!” பாருங்கள், ஒரு ஞானி போன அடுத்த நிமிஷமே இன்னொரு ஞானிக்கு நாற்காலி போட்டாகிவிட்டது.

“கத்தாம, மெதுவா, ஒரு கதைய ஒழுங்கா சொல்லி முடிக்கிற படமா பாருங்கக்கா. மொதல்ல நீங்க பாருங்க. அப்புறம் புள்ளயோட உக்காந்து அரை மணி பாருங்க. பாத்துட்டு, அதப் பத்திப் பேசுங்க.”

“நானும் உக்காரணுமா?” அந்தப் பெண்மணி கையை விட்டுவிட்டார்.

தையல்காரி உட்கார்ந்தாள். சீருடைகள் தாமதமாயின, திட்டு வாங்கினாள். சாயங்காலம் அரை மணி நேரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நத்தை வீடு திரும்பும் படத்தைப் பார்த்தாள். நடுநடுவே நிறுத்தி, “நத்தை இப்போ எங்க போகும்?” என்று கேட்டாள். முதல் வாரம் முழுக்க “சூரியன்”, “ஏழு”, “கடல்” என்றே பதில். தாய் மெஷினுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி கேட்டாள். இரண்டாம் வாரம் பதிலே இல்லை. நாலாவது வாரம் குழந்தை தானாகவே படத்தை நிறுத்தி, அம்மாவின் முகத்தைத் திருப்பியது.

“அம்மா, நத்தையோட அம்மா ஏம்மா வரல?”

தையல்காரி அப்படியே கட்டிக்கொண்டாள். எந்த அட்டையிலும் இல்லாத கேள்வி. அன்றைக்கு ஒரு சீருடைகூட முடியவில்லை.

மூன்றரை வயதுக் குழந்தைக்குத் திரும்பி வந்துவிட்டது அந்த ‘ஏன்’. அந்த அரங்கில் கைதட்டிய பெரியவர்களுக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அரங்கில், பிள்ளைகள் அடம் பிடிக்காமல் இருக்க மந்திரித்த செருப்பு தருகிறார்களாம். வரிசை இப்போதே தெருமுனையைத் தாண்டிவிட்டது. அதில் நீங்கள் நிற்கிறீர்களா? நில்லுங்கள். ஆனால் கூடவே வந்திருக்கும் உங்கள் பிள்ளை, “ஏன் நிக்கிறோம்?” என்று கேட்டால் அதன் கையில் போனைக் கொடுக்காமல், பதிலைக் கொடுங்கள் பார்க்கலாம்.