புல்லுக்கட்டுப் பெடியனின் செத்தவீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே, கதைப் புத்தகத்தில் வருகிற ஆளுக்கும் வயிறு பசிக்கும் என்று நம்பிய ஒரே சமையல்காரர் எங்கள் சொதி அண்ணைதான். குடாநாட்டுத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் போய்வர நாங்கள் தங்கியிருந்த வீட்டின் குசினிக்கு அவர்தான் ராசா. சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. அவர் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால் பக்கத்து வளவு நாய் மதிலேறும், அது போதாதா?

பின்னேரங்களில் அவர் தேங்காய் துருவ, நான் ஒரு தடித்த சரித்திர நாவலை உரக்க வாசிக்க வேண்டும். அரண்மனைக் குதிரைகளுக்குப் புல்லுக்கட்டுச் சுமக்கும் ஏழைப் பெடியன் ஒருவன் அதில் வருவான். உள்ளே விருந்து நடக்கும். அவன் மதிலுக்கு வெளியே நின்று மணம் பிடிப்பான். அந்த இடம் வந்தால் அன்றைக்குச் சொதியில் உப்பு கரிக்கும். யாராவது அவனுக்கு ஒரு மாம்பழம் கொடுத்துவிட்டால் எங்களுக்குக் கணவாய்க்கறி!

"தின்னுறதை நிப்பாட்டச் சொல்லு தம்பி அந்த ராசாவை!" என்று அகப்பையால் புத்தகத்தை மிரட்டுவார்.

ஒருநாள், முன்னெச்சரிக்கை எதுவுமின்றி, பெடியன் காய்ச்சலில் செத்துப்போனான். சொதி அண்ணை அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். எந்தப் பக்கம் தலை என்று அட்டையைப் பார்த்துத் தீர்மானித்து, புத்தகத்தை வெள்ளை வேட்டியால் சுற்றிக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினார்.

"அண்ணை, சோறு?" என்றான் என் அறைத்தோழன் குண்டன்.

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறதே? எட்டுச்செலவு முடியட்டும்."

எட்டாம் நாள்வரை பட்டினியா!

"அது கதையண்ணை!"

"உனக்குத்தான் கதை. அவனுக்கு அதுதானேயடா சீவியம்!"

கடைப்பாணும் வாழைப்பழமுமாக இரண்டு நாள் போனது. குண்டன் என் கையைப் பிடித்தான். "மச்சான், எப்பிடியாவது அந்தப் பெடியனை எழுப்படா!"

தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் பாய்ந்தேன். "அண்ணை, ரண்டாம் பாகம் கிடைச்சிட்டுது!" மூச்சு விடாமல் வாசித்தேன். அரண்மனை வைத்தியர் நாடி பிடித்தார். பெடியன் தும்மினான். ராசா அவனைப் பக்கத்தில் இருத்தித் தன் கையாலேயே சோறு போட்டார்.

"என்ன கறி?" என்றார் சொதி அண்ணை.

"கணவாய்."

"சொதி?"

"ரண்டுதரம் வாங்கினவன், அண்ணை."

அடுப்பு மூண்டது. அன்றைக்குத் தின்றதுபோல் நாங்கள் ஒருநாளும் தின்றதில்லை.

கை கழுவும்போது என் காதோரம் வந்தார். "தம்பி, ரண்டாம் பாகத்தின்ரை அட்டையிலை ஏன் தவளை நிக்குது?"

அது என் விலங்கியல் பாடப் புத்தகம். திருட்டு முழி முழித்தேன். "தெரிஞ்சுகொண்டே அடுப்பு மூட்டினியள்?"

"செத்த பிள்ளை எழும்பிவந்து பசிக்குது எண்டு நிக்கேக்கை, ஆர் அட்டையைப் பாத்தது?"

குசினி மூலையில் சோறும் கறியுமாக இன்னொரு சாப்பாட்டுக் கோப்பை மூடிவைத்திருந்தது. அதைத் தொட எங்களில் ஒருவனுக்கும் மனம் வரவில்லை. குண்டனுக்கும்தான்.