பூசணிக்காய்க்குள் சோறு

“எதுவா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரின்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றீங்க. அப்படி ஒரு காய் எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லுங்க. ஒரு கிலோ வாங்கிட்டு வந்து வதக்கி வைக்கிறேன்.”

சொன்னது மனைவி. கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு காலில் காலுறையும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நின்ற கணவர். ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று அவள் கேட்டாள். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

“ஒரு சாதாரண விஷயத்தை ஏம்மா இப்படிப் பெருசாக்குற?”

“சாதாரண விஷயமா? சரி, அந்தச் சாதாரண விஷயத்தை இன்னைக்கு நீங்க பண்ணுங்க. உங்களைச் சமைக்கச் சொல்லலை. என்ன சமைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா அடுப்பு எரியும். சொல்லலைன்னா எரியாது.”

“நீ எதைப் போட்டாலும் நான் வாயைத் திறக்காம சாப்பிடறேன் இல்ல?”

“சாப்பிடறீங்க. சாப்பிட்டு முடிச்சுட்டு, ‘நேத்தும் உருளைக்கிழங்குதானே’ன்னு ஒரு பெருமூச்சு விடறீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தத் தண்டனை. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணணும். இல்லைன்னா ராத்திரி ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி.”

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்கைப் பிடித்தால் கம்பத்தில் இருக்கிற காக்கை கூடக் கத்துவதை நிறுத்தும். ஆனால் எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எப்போது போகும் என்று முடிவு செய்கிறவர் வேறு ஆள். அந்த ஆள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், இவர் முழங்குவார். வீட்டிலும் அதே கதைதான். வேலை வாங்கிக் கொடுத்தது மாமா. வீடு பார்த்தது மனைவி. மூக்குக்கண்ணாடி எடுத்தது மகள். மீசை மட்டும் அவர் சொந்த முடிவு. அதையும் போன வருடம் மகள் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் முடிவு எடு என்றால்?

காலை முழுக்க யோசித்தார். கத்தரிக்காயா, வெண்டைக்காயா? கத்தரிக்காய் என்றால் பொரியலா, குழம்பா? குழம்பு என்றால் கெட்டியாகவா, நீர்க்கவா? ஒரு கதவைத் திறந்தால் உள்ளே நாலு கதவு. இந்தக் குழப்பத்தில், மூன்றாவது நடைமேடையில் நிற்கும் கத்தரிக்காய் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும் என்று கம்பீரமாக அறிவித்துவிட்டார். பத்துப் பதினைந்து பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்கு ஓடினார்கள். குரல் அப்படி.

டிக்கெட் கொடுக்கிறவர் தன் ஜன்னலை மூடிவிட்டு வந்து விசாரித்தார். இவர் அழாத குறையாகச் சொன்னார்.

“இதுக்கா இவ்வளவு? செய்யவே முடியாத ஒண்ணைக் கேளுங்க அண்ணே. அண்ணியே கையெடுத்துக் கும்பிட்டு, ‘போதும், இனிமே நானே பார்த்துக்கறேன்’னு சொல்லிடுவாங்க.”

“அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டா?”

“‘எங்கம்மா செய்வாங்க’ன்னு ஆரம்பிங்க. அதுக்கு மேல எந்த வீட்லயும் கேள்வி கிடையாது.”

“அம்மாகிட்டயே கேட்டுட்டா?”

“கேப்பாங்களா?”

யோசித்துப் பார்த்தார். கேட்க மாட்டாள். அம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஆனால் மாமியாரும் மருமகளும் பேசி மாதக்கணக்காகிறது. காரணம் ஓர் அண்டா. மருமகளின் பெரிய அண்டாவை மாமியார் இரவல் வாங்கினார், திருப்பித் தரவில்லை. கேட்டால் தரலாம் என்று அவர் இருந்தார். தந்தால் பேசலாம் என்று இவள் இருந்தாள். நடுவில் நம் ஆள் ராஜாவாக இருந்தார். அங்கே போய் இவளைப் பற்றி ஒன்று சொல்வார், இங்கே வந்து அம்மாவைப் பற்றி ஒன்று சொல்வார், இரண்டு இடத்திலும் காப்பி கிடைக்கும்.

தைரியமாகப் போன் போட்டார்.

“முடிவு பண்ணிட்டேன்.”

“சொல்லுங்க.”

“சின்ன வயசுல எங்கம்மா ஒண்ணு செய்வாங்க. பூசணிப் பெட்டகம்னு பேரு.”

“என்ன பெட்டகம்?”

“ஒரு முழுப் பூசணிக்காய். துண்டு போடக் கூடாது. மேல மூடி மாதிரி அறுத்து, உள்ள இருக்கறதை வழிச்சுப் போட்டுட்டு சோத்தை அடைக்கணும். சோத்துக்கு நடுவுல ஒரு முழு முட்டைக்கோஸ். அந்த முட்டைக்கோஸுக்குள்ள ஒரு முட்டை. அப்புறம் மூடியை வெச்சுத் தைச்சு, அப்படியே முழுசா ஆவியில வேக வைக்கணும்.”

“தைச்சா?”

“தைச்சுத்தான். வெள்ளை நூல்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சோற்றையே முழுப் பூசணிக்காயில் மறைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அவள் கும்பிடுவதற்காகக் காத்திருந்தார்.

“சரி,” என்றாள்.

“சரின்னா?”

“செய்யறேன். நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களே.” வைத்துவிட்டாள்.

மாலை வீட்டுக்குப் போனால், வாசலில் மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் செருப்பு. இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. கூடத்தில் மகள் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தாள்.

“பாட்டி எப்ப வந்தாங்க?”

“மத்தியானமே. அவ்வளவு பெரிய பூசணிக்காய் நம்ம வீட்ல எந்தப் பாத்திரத்துலப்பா போகும்? அம்மா அண்டாவைக் கேட்டுப் போன் பண்ணாங்க. எதுக்குன்னு பாட்டி கேட்டாங்க. அம்மா சொன்னாங்க. பாட்டி அண்டாவைத் தூக்கிட்டு டாக்சியில வந்துட்டாங்க.”

சமையலறையில் சிரிப்புச் சத்தம். அவர் பூனை மாதிரி கதவோரம் போய் நின்றார்.

“உண்மையைச் சொல்லுங்க அத்தை. இப்படி ஒண்ணை நீங்க செஞ்சிருக்கீங்களா?”

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதும்மா. சட்டையில பட்டன் போனா அவங்கப்பாதான் தைச்சுப்பாரு. நான் போய்ப் பூசணிக்காயைத் தைச்சேனா?”

“அப்புறம் ஏன் போன்ல ஆமான்னீங்க?”

“இத்தனை மாசம் கழிச்சு நீ போன் பண்ற. நீங்க ஒண்ணு பிரமாதமா செய்வீங்களாமேன்னு கேக்கற. இல்லைன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

“அப்ப செஞ்சதாவே இருக்கட்டும் அத்தை.”

“இருக்கட்டும். உப்பு போட்றாதே, அவனுக்கு ஆகாது. அப்புறம் பாகற்காய்ச் சாறு ஒரு டம்ளர் வேணும்.”

“அதை எங்க ஊத்தறது?”

“முட்டைக்கோஸ் தலையில ஓட்டை போட்டு, குழந்தைக்கு மருந்து புகட்டற மாதிரி மெதுவா ஊத்து. நல்லா உள்ள இறங்கணும்.”

நுணலும் தன் வாயால் கெடும். இவருக்கு மைக் வேறு இருந்தது. ஒரே வழி, உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது. தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார்.

“வாடா. கை கால் கழுவிட்டு வா. அடைச்சு வேக வெச்சா ஆயிடும்.”

“அம்மா, அது வந்து...”

“என்ன வந்து?”

“நான் போன்ல சொன்னேனே, அந்தப் பெட்டகம்...”

“அதைத்தான் இவகிட்டச் சொல்லிச் சொல்லி மாளலை. பெத்தவ கை ருசியை எம்புள்ளை இன்னும் மறக்கலைம்மான்னு. ஏன், நான் செய்யவே இல்லைன்னு சொல்லப் போறியா?”

“இல்லை.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னு சொல்லப் போறதில்லை.”

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ராத்திரி வெந்து முடிந்து மேஜைக்குப் பூசணிக்காய் வந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த நோயாளி மாதிரி, தலையைச் சுற்றித் தையல். மகள் நர்சு போலக் கத்திரிக்கோலை நீட்டினாள். அவர் தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. மழையில் நனைந்த சாக்குப் பை ஞாபகத்துக்கு வந்தது.

“இது முழுக்க உங்களுக்குத்தான்,” என்றாள் மனைவி. “அத்தை எப்பவும் ஒரு ஆளுக்குத்தான் செய்வாங்களாம். நாங்க இருக்கறதை வெச்சு ஒப்பேத்திக்கறோம்.”

ஒப்பேற்றுவதற்காக அவள் கொண்டுவந்து வைத்தது, வெங்காயம் போட்டு முறுகலாகப் பொரித்த மீன். அதைத் தன் பக்கம் வைக்கவில்லை. மேஜையின் அந்தக் கோடியில், மாமியாரின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

அவர் ஒரு வாய் எடுத்தார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

“பாரேன், அழறான்,” என்றார் அம்மா. “எப்படிடா இருக்கு?”

“அப்படியே இருக்கும்மா.”

“எப்படியே?”

“சின்ன வயசுல எப்படி இருந்துச்சோ, அப்படியே.”

“தோலை ஒதுக்காதே. நீ தோலைத்தான் முதல்ல தின்பே.”

மனைவி மாமியாருக்கு இன்னொரு மீனை வைத்தாள். “அத்தை, இவருக்கு வேற என்னென்ன செஞ்சு குடுப்பீங்க?”

“அது கெடக்கு எவ்வளவோ. ஒரு வாரம் இங்கயே இருக்கேன். ஒண்ணொண்ணா ஞாபகப்படுத்தட்டும். சுரைக்காய்க்குள்ளகூட என்னமோ வெச்சுத் தைப்பேன். என்னடா வைப்பேன்?”

“நாளைக்கு உருளைக்கிழங்கு வறுவல்,” என்றார் அவர் அவசரமாக. “நாளன்னைக்கு முட்டைக் குழம்பு. அதுக்கு மறுநாள் கத்தரிக்காய், கெட்டியா. அப்புறம் வெண்டைக்காய்.” வாழ்நாளில் எடுத்த முடிவுகளையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது.

“தினமும் காலையில சொல்லிடுவீங்களா?”

“எழுந்ததும் சொல்லிடறேன்.”

“காய் வாங்கிட்டு வர்றது?”

“நானே வாங்கிட்டு வர்றேன்.”

“பெருமூச்சு?”

“விட மாட்டேன்.”

“சரி, சாப்பிடுங்க. ஆறிடப் போகுது.”

அவர் குனிந்து பார்த்தார். முட்டைக்கோஸ் இன்னும் பிளக்கப்படாமல் பச்சையாக அவரையே பார்த்தது. உள்ளே முட்டை வேறு காத்திருந்தது. அந்தக் கோடியில் மூன்று பேரும் தலையைக் குனிந்து, மும்முரமாக முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் இரண்டே துண்டு மிச்சம்.

“அதுல ஒரு சின்னத் துண்டு,” என்றார். “வால் பக்கம் இருந்தாலும் போதும். இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்களேன்.”

மகள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அம்மா விரலைச் சப்பிக்கொண்டார். மனைவி மிச்சமிருந்த துண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“கேக்குதா?” என்றார்.