மூட்டை தூக்கிய தோள்

இடது கை சட்டைக்குள் போய்விட்டது. வலது கை வாசலிலேயே நின்று தகராறு செய்தது. செல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தூக்கினார்.

"அம்மாடி!"

அடுப்படியிலிருந்து பூவிழி எட்டிப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு?"

அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாற்பத்தோரு வயதுக்காரர், தொப்பை முன்னே ஓட, தான் பின்னே ஓடி, போன ஞாயிறு செந்துறை அரையிறுதியில் நாலு விக்கெட் எடுத்ததைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? 'இனிமே பந்தத் தொட்டா வூட்டுப் பக்கம் வராதீங்க' என்று அவள் சொல்லி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வருகிற ஞாயிறு பைனல். பிறந்ததிலிருந்து அவர் ஆடப்போகும் முதல் பைனல்!

"ஜெயங்கொண்டத்துல உன் தம்பி வூட்டுல முந்திரி மூட்டை தூக்குனேன்ல... அதான்."

அவள் உடனே போனை எடுத்தாள். "ஏண்டா ராசாங்கம், எங்க வூட்டுக்காரரு உனக்கென்ன கூலி ஆளா?"

ராசாங்கம் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான். அக்கா காபி போடப் போனதும் மாமாவின் காதோரம் குனிந்தான்.

"மாமா, இந்த வருசம் மூட்டை கட்டுற அளவுக்கு எங்க தோப்புல முந்திரியே காய்க்கல."

"காட்டிக் குடுத்துடாத மாப்ள. ஞாயித்துக்கெழம பைனல்!"

"பைனலா!" ராசாங்கத்துக்குக் கண் விரிந்தது. "கெளம்புங்க. ரெண்டே நாள்ல கைய பம்பரமாட்டம் சுத்த வெச்சிடுறேன்."

அவன் கூட்டிப்போன கட்டு வைத்தியர், முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினார்.

மறுநாள் காலை எறும்புகள் வரிசை கட்டி வந்தன. செல்லக்கண்ணு அலறிக்கொண்டு கட்டைப் பிய்த்து எறிந்தார். நேற்று காதுவரை போன கை, இன்று சட்டைப் பையோடு நின்றுவிட்டது.

"பெரம்பலூர்ல ஒரு பிசியோதெரபி இருக்கு மாமா. பந்து போ..." ராசாங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மூட்டை தூக்குற ஆளுங்கல்லாம் அங்கதான் போறாங்க."

"பெரம்பலூரா?" பூவிழி திடுக்கிட்டாள். "அவ்வளவு தூரம் எதுக்கு? இங்கனயே பாத்துக்கலாமே."

ஆனால் கட்டியவன் இடது கையால் இட்லியைத் துரத்துவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கூடவே கிளம்பினாள்.

பிசியோதெரபிஸ்ட் தமிழழகன் தோளை அழுத்திப் பார்த்தார். "மூட்டை தூக்குனா இங்க வலிக்காதே சார். கைய மேல கொண்டுபோயி விசையா வீசுனாத்தான் இந்தத் தசைநார் காயமாகும். நெசமா என்ன பண்ணுனீங்க?"

"துணி... துணி அடிச்சுத் துவைச்சேன்."

"நீங்களா?" என்றாள் பூவிழி. "எந்த வூட்டுல?"

"எதுவா இருந்தாலும் ஆறு வாரம் கைய வீசவே கூடாது சார். ஐஸ் ஒத்தடம், ரப்பர் பட்டைப் பயிற்சி, அவ்வளவுதான்."

செல்லக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், ஞாயித்துக்கெழம மட்டும் விட்டுடுங்க. நாலே ஓவருதான்!"

பூவிழி மெதுவாக எழுந்தாள்.

"ஓவரா?"

செல்லக்கண்ணு காலில் விழவும் தயாராக இருந்தார். தோள் வலியில் எப்படிக் குனிவது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் ரப்பர் பட்டையோடு உள்ளே நுழைந்த பெண்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் மணிமொழி, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"பூவிழி அக்கா! உங்க தோளு இப்ப தேவலையா? ஞாயித்துக்கெழம மகளிர் பைனல்ல மொத ஓவர் நீங்கதானே போடுறீங்க?"