மாடிப்படியில் ஒரு மஞ்சள் லேபிள்

தனியாக வசிப்பவர்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு இருப்பவர்கள் எந்த வேலையையும் அரைகுறையாக முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள். அதனால் பெரிய ஆபத்து ஒன்றும் வராது. தனியாக இருப்பவர்களுக்கு நேரம் நிறைய. அவர்கள் எடுத்த வேலையை முழுசாகச் செய்துவிடுவார்கள். அப்படி ஒரு வேலையை நான் முழுசாகச் செய்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவூரில் ஒரு தெருவே காலியானது.

என் பெயர் சண்முகவடிவு. ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்போது வேலூரில் ஒரு மருத்துவமனையில், நியூக்ளியர் மெடிசின் பிரிவில் வேலை. தைராய்டு, புற்றுநோய் போன்றவற்றுக்கான கதிரியக்க மருந்துகள் விமானத்தில் வந்து, வேனில் ஏறி எங்களிடம் சேரும். அந்தப் பெட்டிகளின் மேல் எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மீட்டரை வைத்து அளந்து, உள்ளே அனுப்புவது என் பொறுப்பு.

ஆரணிக்குக் குடிவந்தது கூட வேலை பார்த்த தோழி ஒருத்தியை நம்பி. அவளுக்குச் சொந்த ஊர் அது. “தினமும் ஒரே பஸ்ல பேசிகினே போலாம், வாடி” என்றாள். வந்தேன். கொஞ்ச நாளில் அவளுக்குக் கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். நான் ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒரு மாடிவீட்டோடும், பேச ஆளில்லாத பஸ் பயணத்தோடும் மிஞ்சினேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் வரதன் அண்ணனும் அவர் மனைவி சுலோச்சனா அக்காவும் இருந்தார்கள். கூடத்தில் இரண்டு தறி. விடிந்ததிலிருந்து அந்தச் சத்தம் மாடித் தரை வழியாக என் பாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அக்கா என்னிடம் “தண்ணி வந்துச்சா?” என்பார். நான் “வந்துச்சுக்கா” என்பேன். எங்கள் உறவு முழுக்கத் தெருக்குழாயை நம்பித்தான் இருந்தது. அவர்கள் வாசற்படி தாண்டி நான் உள்ளே போனதில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போய் நின்றிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். காரணமில்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத்தான் தெரியாது.

இந்த நிலையில் எங்கள் துறைத் தலைவர் ஒருநாள் கூப்பிட்டு, வேன் டிரைவர்களுக்கும் காவலாளிகளுக்கும் திங்கட்கிழமை நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்றார். தலைப்பு: கதிரியக்கப் பொதிகளின் மேல் என்னென்ன குறிகள் இருக்க வேண்டும்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் உலகத்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். (சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் கோலம்.) அனுப்புகிறவர் அல்லது பெறுகிறவர் பெயர், பொருளின் முறையான பெயர், உலகம் முழுவதற்கும் பொதுவான நான்கு இலக்க எண், பெட்டி எந்த வகை, ஐம்பது கிலோவைத் தாண்டினால் மொத்த எடை, இவை எல்லாம் வெளியே, எளிதில் அழியாதபடி, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதற்கு மேல் எதிரெதிர்ப் பக்கங்களில் லேபிள்: மேல்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி வெள்ளை, கருப்பில் மூன்று இதழ் சின்னம், உள்ளே இருப்பது எது, எவ்வளவு, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு கதிர் படும் என்பதற்கு ஓர் எண். அந்தப் பெட்டியை முதல்முறை பார்க்கிற யாருக்கும் அது யார், எங்கே போகிறது, எவ்வளவு நெருங்கலாம் என்று தெரிந்துவிடும். மனுஷர்களிடம் இந்த வசதி இல்லை. (கதிர் மிகக் குறைவான பெட்டிக்கு முழுக்க வெள்ளை லேபிள். என் மேல் ஒட்டுவதானால் அதுதான். ‘பயமில்லை, பக்கத்தில் வரலாம்.’)

வகுப்புக்கு ஒரு மாதிரிப் பெட்டி செய்வது என்று முடிவு செய்தேன். புதுசாக ஒரு கனத்த அட்டைப்பெட்டி. எழுத்துகளை அச்சு வெட்டிக் கருப்புப் பெயிண்டில் அடித்தேன். லேபிளைக் கலர் பிரிண்ட் எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர் அந்த மூன்று இதழைப் பார்த்துவிட்டு, “ஃபேன் கம்பெனியா மேடம்?” என்று கேட்டார். பெறுபவர் இடத்தில் யார் பெயரைப் போடுவது? என் பெயரையே, சேவூர் விலாசத்தோடு போட்டேன். எங்களுக்கு மருந்து வருகிற ‘ஏ’ வகைப் பொதி தூக்கினால் கனக்கும், உள்ளே ஈயம் இருக்கும். டிரைவர்களுக்கு அந்தக் கனம் கைக்குத் தெரிய வேண்டுமே! என்னிடம் இருந்த கனமான பொருள் புழுங்கலரிசி. அந்த மாத அரிசி முழுவதையும் உள்ளே வைத்து டேப் போட்டு ஒட்டினேன். பிறகு சாயங்காலங்களில் சுவரைப் பார்த்து வகுப்பெடுத்துப் பழகினேன். கீழே அக்கா, “அந்தப் பொண்ணு யாரு கூடவோ பேசிகினே கீது” என்று அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்ட் வாசனை வீட்டில் தாங்கவில்லை. பெட்டியை வெளியே மாடிப்படியின் மேல்தட்டில் காய வைத்துவிட்டு, லேபிளைச் சுட்டிக்காட்ட ஒரு குச்சி வாங்க ஆரணி பஜாருக்கு டவுன் பஸ் ஏறினேன். சுட்டிக்காட்டும் குச்சி என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரியவில்லை. கடைசியில் தரை துடைக்கிற மாப்பின் கைப்பிடியை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிறகுதான் கோர்த்துத் தெரிந்துகொண்டேன். தேசூரிலிருந்து ஒரு குடும்பம், பெண்ணுக்கு நெய்யச் சொல்லியிருந்த முகூர்த்தப் பட்டைப் பார்க்க வந்திருக்கிறது. பெண்ணின் தாய்மாமா போனில் பேச சிக்னல் கிடைக்காமல் மாடிப்படி ஏறியிருக்கிறார். மேல்தட்டில் பெட்டி. மாமா எங்கோ பெரிய ஆலையில் வேலை பார்த்தவர், அந்த மூன்று இதழ் சின்னம் அவருக்குத் தெரியும். “அணு! அணு! ஓடுங்க!” என்று கத்திக்கொண்டு இறங்கியவர், மணப்பெண்ணைக்கூடக் கவனிக்காமல் தெருமுனையில்தான் நின்றாராம்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எங்கள் தெருமுனையில் திருவிழாக் கூட்டம். தறிக்காரர்கள், கைக்குழந்தைகள், ஆடுகள். தெருவின் குறுக்கே ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். (பட்டு நூல். கைக்கு அதுதான் கிடைத்திருக்கிறது.)

பக்கத்தில் நின்ற பெரியவரிடம், “என்னங்க ஆச்சு?” என்றேன்.

“வரதன் வூட்டு மாடில ஒரு பொண்ணு கீதுல்ல? அணுகுண்டு வச்சிட்டு ஓடிப்போச்சு.”

“எந்தப் பொண்ணு?”

“அதாம்மா, யாரு கூடவும் பேசாதே, அது. நான் பார்த்ததில்ல.”

அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். தினமும் காலையில் அவர் பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பஸ்ஸுக்குப் போவேன். மாதக்கணக்காக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். அவ்வளவு பேர் நடுவில் மாப்புக் குச்சியோடு நிற்கிற என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. பேசாமல் திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. போனால் யாருக்கும் தெரியாது.

“அந்தப் பொண்ணு நான்தாங்க” என்றேன்.

பெரியவர் பின்னால் நகர்ந்தார். அவர் பின்னாலிருந்தவர்கள் நகர்ந்தார்கள். கல்லெறிந்த குளம்போல என்னைச் சுற்றி வட்டம் விரிந்தது. நடுவில் நான்.

வட்டத்துக்குள் வந்த ஒரே ஆள் போலீஸ் எஸ்.ஐ. அவரும் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“பொட்டி உங்குளுதா?”

“ஆமா சார்.”

“உள்ள இன்னா?”

“அரிசி சார்.”

கூட்டம் ‘ஹோ’ என்றது. எஸ்.ஐ. செல்போனில் யாரோ தூரத்திலிருந்து எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கினார். “ரேடியோ ஆக்டிவ்னு எழுதிக்கீது. உங்க பேரு, உங்க அட்ரஸ். இங்க இன்னாமோ நம்பரு.”

“ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு சார். அது ஏ வகைப் பொதிக்கான எண். அப்புறம் லேபிள்ல ரெண்டு சிவப்புக் கோடு இருக்குல்ல, அது ரெண்டாம் மஞ்சள். மூணு கோடு இருந்தா...” குச்சியை உயர்த்தி அவர் போன் திரையில் சுட்டிக்காட்டவே தொடங்கிவிட்டேன். பழகிய வகுப்பு, தானாக வந்தது.

“ஏம்மா, பேஜார் பண்ணாதீங்க. அரிசின்னா ஏன் அரிசின்னு எழுதல?”

அதற்கு நான் பழகியிருக்கவில்லை.

துறைத் தலைவருக்குப் போன் போட்டு எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். அவர் விளக்கினார். எஸ்.ஐ. கேட்டார், தலையாட்டினார், போனை என்னிடம் திருப்பித் தந்தார். தலைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எல்லாம் எழுதினியே வடிவு, ‘மாதிரி’ன்னு எழுதினியா?”

இல்லை. விதிப்படி இருக்க வேண்டிய ஒவ்வொரு எழுத்தும் அதில் இருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

“சரி, நீங்களே போயி எடுத்தாந்து எல்லார் முன்னாடியும் பிரிங்க” என்றார் எஸ்.ஐ.

சிவப்பு நூலைத் தாண்டி நடந்தேன். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. ஒரு வீட்டில் டிவி யாருக்கும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் தீய்ந்த வாசனை. கீழ்வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி அடுப்பை அணைத்தேன். அதற்கப்புறம்தான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. அந்த வீட்டுக்குள் முதல்முறையாக வந்திருக்கிறேன், அதுவும் யாருமே இல்லாதபோது. தறியில் அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் பட்டு, முந்தானை முடியும் தறுவாயில் பாதி ஜரிகையோடு நின்றது. மூன்று விருந்தாளிக் காபி டம்ளர்கள் தரையில் இருந்தன. ஏனோ அவற்றை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போனேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். கூட்டம் இன்னும் பின்னால் போனது, ஆடுகள் மட்டும் முன்னால் வந்தன. டேப்பைக் கிழித்துக் கவிழ்த்தேன். அரிசி கொட்டியது. ஆடுகள் உடனே சோதனையை ஆரம்பித்தன.

ஒருவரும் சிரிக்கவில்லை. தாய்மாமா மட்டும் தூரத்திலிருந்து, “பார்க்க அரிசி மாறிதான் கீது” என்றார். பிறகு, “அந்தப் பட்டு மேல கதிர் பட்டுகினு இருந்திருக்கும். எங்குளுக்கு வேணாம்” என்று குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வரதன் அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வேற வூடு பார்த்துக்கம்மா.”

ஆடு விட்ட அரிசியை வாரிக்கொண்டு மாடிக்கு வந்தேன். அழுதேனா என்றால், அரிசி களைந்த தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்திருக்கலாம். (இதைப் படித்துவிட்டு என் தம்பி போன் செய்வான். செய்யட்டும்.)

பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சுலோச்சனா அக்கா. வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“அடுப்ப நீயா அணைச்ச?”

“ஆமாக்கா. பால் தீஞ்சு போச்சு.”

“டம்ளரு?”

“நான்தான் கழுவினேன்.”

அக்கா உள்ளே வந்து, என் ஒற்றை நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “வூடே பத்திகினு போயிருக்கும். பட்டு, பாவு நூலு, எல்லாம்.” பிறகு குக்கரைக் காட்டி, “அந்த அரிசியா?” என்றார்.

“ஆமா.”

“போடு. பசிக்குது. காலையிலேர்ந்து தெருவுலயே நின்னுகினு இருந்தேன்.”

போட்டேன். ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, “இங்க பாருங்க, துண்ணுட்டேன், சாவல!” என்று கீழே கத்தினார். கீழே இருந்து அண்ணன், “காத்தால சொல்லு!” என்றார்.

அப்புறம் அக்கா கேட்டார்: “அந்த மூணு எறக்கை இன்னாது?”

சொன்னேன். சுவருக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பெயர், எண், வகை, லேபிள், தூரம். அக்கா நடுவில் ஒரு கேள்வி கேட்டார், இரண்டு தடவை கொட்டாவி விட்டார், ஆனால் எழுந்து போகவில்லை. மறுநாள் மருத்துவமனையில் எடுத்த வகுப்பை யார் யார் கேட்டார்கள் என்று எனக்கு இப்போது நினைவே இல்லை. பெட்டியின் ஆறு பக்கமும் ‘மாதிரி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பட்டு வீணாகவில்லை. அந்த வாரமே மணப்பெண் வரதன் அண்ணனுக்குப் போன் செய்தாளாம். “மாமாவுக்கு பயம்னா மாமா கட்டிக்க வேணாம். கட்டிக்கப்போறது நானு. ஜல்தியா முடிச்சுக் குடுங்க.” கல்யாணத்துக்கு அக்கா என்னையும் தேசூருக்குக் கூட்டிப்போனார். பந்தியில் அக்காவை எதிர்வரிசைக்கு இழுத்துப் போய்விட்டார்கள்; கதிருக்குப் பயந்து என் இரண்டு பக்கமும் இலை காலியாகவே இருந்தது. வேறு வீடு பார்க்கும் பேச்சை அண்ணன் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் இன்னொரு மருத்துவமனையில் இருக்கிறேன். இங்கும் மாடிவீடு, இங்கும் நான் மட்டும்தான். ஆரணி வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வரதன் அண்ணன் இந்தக் கதையைத் தொடங்காமல் விடுவதில்லை. அவர் வாயில் கதை வருஷா வருஷம் வளர்கிறது. அரிசி மூட்டையாகிவிட்டது. எஸ்.ஐ.க்குப் பதவி உயர்வு கிடைத்து டி.ஐ.ஜி. ஆகிவிட்டார். தெரு போய் சேவூரே காலியாகிவிட்டது. போன மாதம் யாரோ நம்பவில்லை போலிருக்கிறது. அண்ணன் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“நீயே சொல்லு வடிவு. அன்னிக்கி ஹெலிகாப்டர் வந்துச்சா, இல்லியா?”

“வந்துச்சுண்ணே” என்றேன்.

அந்தப் பக்கம் வீடே சிரித்தது. வரவில்லை என்றிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். வந்தது என்றதால், அது என்ன கலர், எங்கே இறங்கியது என்று இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க முடிந்தது.