மெத்தை மிதந்த கனவு விளம்பரமல்ல

வண்ணார்பேட்டை, திருநெல்வேலி
ஆனி மாதம், 1999

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகன், மருமகப்பிள்ளை சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு மாமா காந்திமதிநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தையும் சுகம். ஆற்றிலும் முழங்காலளவு சுகம் ஓடுகிறது. இதைத் தபாலில் அனுப்பக் காரணம், கம்ப்யூட்டரில் நான் எதை எழுதினாலும் அது ஊருக்கே போய்விடுகிறது.

நீ நடத்தும் ஈமெயில் குழுவில், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து திசைக்கொருவராகப் போனவர்கள், தூக்கத்தில் கண்ட ஊர்க் கனவை எழுந்ததும் எழுதுகிறார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதில் திசையன்விளை மெத்தைக் கடை ஐயம்பெருமாள், நல்ல கனவுக்கு எங்கள் தென்னைநார் மெத்தை என்று விளம்பரம் போட்டாலும் போட்டார், அத்தனை பேருக்கும் தூக்கம் போய்விட்டது. ஒருவர் அவரை நீக்கு என்கிறார், ஒருவர் ஆளுக்குப் பத்துக் கடிதம் திட்டி அனுப்பச் சொல்கிறார், கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றவர் அதையே தினமும் எழுதுகிறார். விளம்பரம் வந்தது ஒன்று, வசவு வந்தது மூட்டை மூட்டையாக. நடுவில் கனவைக் காணோம். நானோ, வந்த கடிதத்துக்குப் பதில் போடாதிருப்பது மரியாதையில்லை என்று அவரை நலம் விசாரித்து, வீட்டு விலாசமும் கொடுத்து, இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வரவும் என்று எழுதினேன். அது குழு முழுவதற்கும் போனது. அவரும் பஸ் ஏறி வந்துவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, கனவு காணுதவங்ககிட்டதான மெத்தையப் பத்திச் சொல்ல முடியும்? வேற எங்கன போயிச் சொல்லுதது?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனித் திருவிழாவில் வளையல் கடை ரதவீதியோரம் இருக்கும், சன்னிதிக்குள் வராது. அதுபோல வாரத்தில் ஒரு நாளைக் கடைக்காரர்களுக்கென்று ஒதுக்கிவிடேன்.

இனி என் வழக்கு. அவர் வருவதற்கு முன்பே எனக்கு ஒரு கனவு வந்தது. பாபநாசத்தில் ஒரு மெத்தையில் படுக்கிறேன். மெத்தை பைய ஆற்றில் இறங்கி மிதக்கிறது. மருத மர நிழல் முகத்தில் விழுந்து விழுந்து போகிறது. சேரன்மாதேவிப் பாலம் தாண்டி, குறுக்குத்துறைப் படித்துறையில் என் மகள் ப்ரியா பள்ளிக்கூடப் பாவாடையோடு நிற்கிறாள். "அப்பா, நானும் ஏறிக்கிடுதேன்" என்கிறாள். கை நீட்டுகிறேன், விழித்துவிட்டேன். இதை அப்படியே எழுதினால், மெத்தை வருவதால் இது மறைமுக விளம்பரம், இன்னொரு முறை எழுதினால் பெயரை நீக்குவேன் என்கிறாயே, நியாயமா? கனடாவிலிருந்து ப்ரியா போனில் பேசினால் நல்லா இருக்கேன் என்பதோடு சரி. அவள் மனதில் இருப்பது, குழுவில் அவள் எழுதும் கனவில்தான் எனக்குத் தெரிகிறது. அந்த வழியையும் மூடிவிடாதேப்பா.

பிள்ளை குட்டிகளோடு, கொசுவில்லாத வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து நீடு வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: ஐயம்பெருமாள் வந்த பஸ்ஸின் மேல் மெத்தையும் வந்தது. வாங்கிவிட்டேன். படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம். கனவு மட்டும் ஒன்றுகூட இல்லை. இன்று ப்ரியா தானாகவே போன் செய்து, "ஒங்க கனவக் காணுமேப்பா, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். ஆகவே விளம்பரம் பொய், ஐயம்பெருமாளை நீ தாராளமாக நீக்கலாம். மெத்தையை உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். நான் பாயில் படுக்கப் போகிறேன். பிள்ளை இன்னும் படித்துறையிலேயே நிற்கிறாள்.