இடது பக்கத்து மூக்கு

“சார், இடது பக்கத்துல யாரோ மூக்கை உறிஞ்சுறாங்க” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் சொன்னார் ஒலிப்பதிவுக்காரர். “மறுபடியும் முதல்லேர்ந்து போவோமா?”

இது பதினோராவது முறை.

இடது பக்கத்தில் இருந்தவை இரண்டே மூக்குகள். ஒன்று, முதல் வயலின் வாசிக்கும் பெரியவருடையது. மற்றது, இரண்டாவது வயலின் வாசிக்கும் சின்னவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மைக். சின்னவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஓரக்கண்ணால் பெரியவரின் மூக்கைப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய மூக்கு அதுதான்.

இரண்டாவது வயலின் என்பதால்தான் அவர் சின்னவர். மற்றபடி பெரியவரைவிட நாலு மாதம் மூத்தவர். இந்த விஷயம் அவரைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

எதிரே, காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோவுடன் ஓர் அம்மாள், பக்கத்தில், வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவுடன் வயோலாக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாலு பேரும் சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கிறார்கள். ஒருமுறை ஒன்பது பேருக்கு வாசித்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இப்போதுதான் முதன்முதலாக ஒரு ரெக்கார்டு. இன்று ஆறு மணிக்குள் முடியாவிட்டால், வாசலில் காத்திருக்கும் இளவட்டக் குழுவுக்கு வாய்ப்பைக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

காலையில் கிளம்பும்போது சின்னவரின் மனைவி கேட்டிருந்தாள்: “அட்டையிலயாவது உங்க பேரு வருமா?”

“வரும், வரும்.”

“பேப்பர்ல எழுதுறப்போ எல்லாம் ‘பெரியவரும் குழுவினரும்’னுதானே போடுறாங்க. நீங்கதான் ‘உம்’மா?”

அந்த ‘உம்’ அவரை நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது அந்த ‘உம்’மும் கைநழுவிப் போகிறது, அதுவும் ஒரு மூக்கால்.

இந்த மாதிரிக் குழுவில் முன்னால் நின்று கையசைக்க ஆள் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பார். அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்ற மூவரும் ஆரம்பிப்பார்கள். ஊர் உலகத்தில் அதுதான் வழக்கம். அதற்காக இப்படியா? ஆனால் பெரியவரிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டச் சின்னவரே துணிந்தார். பையிலிருந்து ஒரு சளி மிட்டாயை எடுத்தார்.

“பெரியவரே, இதைக் கொஞ்சம் வாயில போட்டுக்குங்க.”

“எனக்கா? எனக்கு என்ன?”

“லேசா மூக்கடைப்பு இருக்குற மாதிரி தெரியுது.”

“சின்னவரே, அது வந்து...” என்று செல்லோ அம்மாள் ஆரம்பித்தாள்.

“விடும்மா” என்று பெரியவர் அவளை அடக்கிவிட்டு, மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று சின்னவர் நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது முறை முடிந்ததும் ஸ்பீக்கர் பேசியது: “சார், மூக்கு அப்படியேதான் இருக்கு. கூடவே இப்ப பல்லுல ஏதோ உருளுது.”

மிட்டாய் குப்பைக்குப் போனது.

“மைக்கை அவர்கிட்டேர்ந்து தள்ளி வைங்களேன்” என்றார் சின்னவர். தள்ளுவதற்கு ஒரே திசைதான் இருந்தது. மைக் சின்னவரின் முகவாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“ஐயோ சார்! இப்ப மாடு பக்கத்துல வந்து நின்னு மூச்சு விடுற மாதிரி இருக்கு!”

தள்ளி வைத்தும் இப்படி என்றால், மனுஷர் வேண்டுமென்றேதான் உறிஞ்சுகிறார். சின்னவருக்குக் கோபம் தலைக்கேறியது. மணி ஐந்தேகால். திறந்தவெளியில் வாசிக்கும்போது தாள் பறக்காமலிருக்க ஸ்டாண்டில் மாட்டும் துணி கிளிப் ஒன்று அவர் பெட்டியில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து நீட்டினார்.

“இதை எங்க மாட்டணும்?” என்றார் பெரியவர்.

“மூக்குல.”

வயோலாக்காரர் மேலே விட்டத்தைப் பார்த்தார். செல்லோ அம்மாள் தொண்டையைச் செருமினாள். பெரியவர் ஒரு நிமிஷம் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

பதின்மூன்றாவது முறை வாசித்தார்கள். பெரியவரின் முகம் தக்காளியாகச் சிவந்தது. வயோலாக்காரர் சிரிப்பை அடக்கியதில் அவர் வில் குலுங்கி, இல்லாத சுரமெல்லாம் வந்து விழுந்தது.

“மூக்கு இருக்கு சார்” என்றது ஸ்பீக்கர், அலுத்துப்போய்.

“மூக்கை அடைச்ச மனுஷன் எப்படிங்க உறிஞ்சுவாரு?” என்று கேட்டார் வயோலாக்காரர்.

“இருபத்திரண்டு வருஷப் பழக்கம். காது வழியா விட்டாலும் விடுவாரு!” என்றார் சின்னவர்.

பெரியவர் கிளிப்பைக் கழற்றி, துடைத்து, சின்னவரின் பெட்டியிலேயே பத்திரமாக வைத்தார். மூக்கில் இரண்டு பக்கமும் கிளிப்பின் பல் பதிந்திருந்தது. சின்னவருக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. பதிலுக்குத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இப்படி வாயே திறக்காத மனுஷரை என்ன செய்வது?

மணி ஐந்தரை ஆனது. வாசல் பக்கம் இளவட்டங்கள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது.

“சரி, மூணாவது பகுதியை எடுங்க” என்று எழுந்தார் சின்னவர். “அதுல முதல் எட்டு வரிக்கு எனக்கு வேலை இல்லை. நீங்க மூணு பேரும் ஆரம்பிங்க. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டு, கையும் களவுமாப் பிடிக்கிறேன்.”

“நீங்க இங்கயே இருங்களேன்” என்றார் பெரியவர். குரலில் முதன்முறையாகப் பதற்றம்.

“ஏன், பயமா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார் சின்னவர். ஹெட்ஃபோனை வாங்கி இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே மூன்று விற்களும் தந்திமேல் வந்து நின்றன.

“இப்ப வரும் பாருங்க” என்று கிசுகிசுத்தார்.

வரவில்லை. ஹெட்ஃபோனில் துளிச் சத்தம் இல்லை. நாள் முழுக்கத் தேடிய சுத்தமான நிசப்தம்.

“பாத்தீங்களா!” சின்னவர் தொடையில் தட்டினார். “நான் வந்து உட்கார்ந்ததும் கப்சிப்! இதைத்தானே காலையிலேர்ந்து சொல்றேன்!”

ஒலிப்பதிவுக்காரர் தலையாட்டினார். அரை நிமிஷம் போனது. விற்கள் அசையவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. பெரியவர் செல்லோ அம்மாளைப் பார்த்தார். அவள் வயோலாக்காரரைப் பார்த்தாள். அவர் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

ஒலிப்பதிவுக்காரர் பொத்தானை அழுத்தினார். “சத்தமே இல்லை, ரொம்ப சுத்தமா இருக்கு. ஆரம்பிக்கலாமே?”

செல்லோ அம்மாள் வில்லை மடியில் போட்டாள்.

“எப்படி சார் ஆரம்பிக்கிறது? இருபத்திரண்டு வருஷமா சின்னவர் மூக்கை உறிஞ்சினாத்தான் நாங்க மூணு பேரும் ஆரம்பிப்போம். சொன்னா அடக்கிக்குவாருன்னு பெரியவர்தான் எங்களை வாயைத் திறக்க விடல.”