ஓவனுக்குள் போன மூன்று ஓடுகள்

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி வாய்த்த மருமகளுக்கு, உன் தாயின் ஒரே தம்பியும், மூவுலகும் அறிந்தவனும், நம் தெருவில் மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாதவனுமாகிய மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். நீ ஒப்படைத்துப் போன மூன்று பானை ஓடுகளும் நலம் என்று அதே மூச்சில் எழுதத்தான் ஆசை.

"அந்தப் பழங்காலச் சூளையில தோண்டிக் கிடைச்சதே இந்த மூணுதான் மாமா, இது போனா என் ஆராய்ச்சியே போச்சு" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பயத்தால் அல்ல, ஆச்சரியத்தால். களிமண்ணில் கிடக்கும் இரும்புத் துகள்களின் காந்தம் சூளைச் சூட்டில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கண்டபடி திரியும், ஆறும்போது அன்றைய பூமியின் காந்தம் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக இழுத்ததோ அப்படியே வரிசை கட்டி உறைந்துவிடும், அப்புறம் இரண்டாயிரம் வருஷம் ஆனாலும் அசையாது என்றாயே, அன்று முதல் நான் எந்தச் செங்கல்லையும் பூந்தொட்டியையும் சும்மா விடவில்லை. குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, "உன்னைச் சுட்ட அன்னைக்கு வடக்கு எங்கப்பா இருந்துச்சு" என்று டைல்ஸை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் அத்தை அந்த மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகட்டும் என்று ஓவனுக்குள் வைத்துவிட்டாள்.

"சுட்டா பழசெல்லாம் மறந்துடுமே, என்ன காரியம் பண்ணின" என்றேன்.

"நேத்து வாங்கச் சொன்ன பாலையே மறந்துட்டு வந்தீங்க. உங்களை எந்த அடுப்புல வெச்சாங்க?" என்றாள்.

நான் போட்ட அலறலில் பூமியின் இரு துருவங்களும் இடம் மாறி, வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கும். உடனே உன் ஆய்வுக்கூடத்துப் பெரியவருக்குப் போன் போட்டேன். எவ்வளவு சூடு என்று கேட்டார். கை பொறுக்கும் சூடுதான் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார்.

"அதுக்கெல்லாம் அது மறக்காது சார். நாங்களே இங்க அதைவிடப் பல மடங்கு, படிப்படியா சூடு ஏத்தி, எந்தச் சூட்டுல எவ்வளவு மறக்குதுன்னு பாத்துத்தான் பழைய கணக்கைக் கண்டுபிடிக்கிறோம். பெரிய காந்தம் எதுவும் கிட்ட வராம பாத்துக்குங்க, போதும்."

மறக்க வைத்தே ஞாபகத்தை அளக்கிறீர்களாமே! இதை அறியாமல் இத்தனை வயது வீணாகிவிட்டது எனக்கு.

இனி இந்த வீட்டை நம்புவதற்கில்லை. பஞ்சு சுற்றி, அதன் மேல் என் கம்பளிச் சட்டையைச் சுற்றி, எந்தச் சக்கரவர்த்தியின் கிரீடத்துக்கும் கிடைக்காத மரியாதையோடு அனுப்புகிறேன். உன் ஆராய்ச்சி எட்டுத் திசையும் வெல்க. அத்தையின் அன்பும் இதே பெட்டியில்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு. (கடிதம் உள்ளே போய்விட்டதால் மூடிமேல் எழுதுவது): பெட்டி உறுதியாக இருக்கட்டுமே என்று பழைய ஸ்பீக்கர் பெட்டியையே எடுத்து, அதன் பின்பலகையைக் கழற்றி, உள்ளே வட்டமாக, கனமாக இருந்த ஏதோ ஒன்றின்மேல் ஓடுகளைச் சாய்த்து வைத்தேன். அந்த ஏதோ ஒன்றுதான் காந்தம் என்று உன் அத்தை இப்போது சொல்கிறாள். பார்சல்காரர் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார், இறக்க மாட்டேன் என்கிறார். கூடவே ஓடிக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.